பதினொரு மணிக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

நீலகிரியில் ஒரு காவல் நிலையத்தில் பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம் என்றால் நேரம் பெரும்பாலும் காலை பதினொன்று. பிளாஸ்டிக் நாற்காலி இருபது, ஃபிளாஸ்க்கில் டீ, தட்டில் பிஸ்கெட். வியாபாரிகள் சங்கத்திலிருந்து இரண்டு பேர், காட்டேஜ் வைத்திருப்பவர் ஒருவர், எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒருவர், ஹட்டி (படகர் ஊர்) பெரியவர்கள் இருவர், மீதி கட்சிக்காரர்கள். கடைசியில் ஒரு குரூப் போட்டோ.

அந்த நேரத்தில் இலை பறிக்கிற பெண் சரிவில் நிற்கிறாள். காலை எடை முடிந்திருக்கும், அடுத்த எடைக்குள் பையை நிரப்ப வேண்டும். இறங்கி வந்தால் அரைநாள் கூலி போச்சு. காட்டேஜ் வாட்ச்மேன் ராத்திரி முழித்துவிட்டுத் தூங்குவார். பணியர் பழங்குடிக் காலனி ஆள் வேலைக்குப் போயிருப்பார், போகாவிட்டாலும் ஸ்டேஷன் படி ஏற மாட்டார். ஆக, பதினொரு மணிக்கு வர முடிந்தவர்கள்தான் 'பொதுமக்கள்'. அந்தக் கூட்டத்தில் யார் உட்காரவில்லையோ அவர்கள் வீட்டுப் பக்கம்தான் அடி உதை வெளியே தெரியாமல் நடக்கிறது. திருட்டு என்று வந்தால் முதல் சந்தேகமும் அவர்கள் மேலேயே விழுகிறது.

இந்த மலையில் ஒரே ஸ்டேஷன் எல்லைக்குள் படகர் ஹட்டி இருக்கும், எஸ்டேட் லைன் வீடுகள் இருக்கும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள், கூடலூர்ப் பக்கம் பாடி என்பார்கள்), 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடியிருப்பு இருக்கும், குறும்பரோ பணியரோ காட்டுநாயக்கரோ வசிக்கும் காலனி இருக்கும், வெளியூர்க்காரர் பூட்டிப் போட்ட பங்களா இருக்கும், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் தங்கும் ஷெட்டும் இருக்கும். காக்கியோடு ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு. எல்லாரையும் 'ஊர் மக்கள்' என்று ஒரே பையில் போட்டுக் கட்டினால் பை கிழியும்.

யாரை உட்காரவைப்பது

முதலில் அளவு. போலீஸும் மக்களும் சேர்ந்து உட்காரும் பாதுகாப்புக் குழு முழு ஸ்டேஷன் எல்லைக்கு ஒன்றே என்பது மலையில் வேலைக்கு ஆகாது. இருபது கிலோமீட்டர் தாண்டி இருக்கிறவர் பஸ் மாறி வர மாட்டார். ஒரு பீட் (ஒரு காவலர் ரோந்து போகிற பகுதி), அல்லது இன்னும் எளிதாக ஒரு பஸ் ரூட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரே பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒருவரை ஒருவர் முகம் தெரியும், இருட்டான வளைவு எது என்பதும் தெரியும். 300 முதல் 500 வீட்டுக்கு ஒரு குழு, 15 பேருக்கு மேல் வேண்டாம். 40 பேர் சேர்ந்தால் அது மீட்டிங் ஆகிவிடும், நாலு பேர் மட்டும் பேசுவார்கள்.

ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போதும் என்று நினைப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிற தவறு. பதினான்கு பேருக்கு நடுவே தனியாக உட்காருகிற பணியப் பெண் வாய் திறக்க மாட்டார், கேட்டதற்கெல்லாம் 'சரி' என்று தலையாட்டிவிட்டுப் போவார். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் இரண்டாவது கூட்டத்தில் முணுமுணுப்பார்கள், நாலாவதில் பேசுவார்கள். பாதிப்பேராவது பெண்கள். பழங்குடிக் காலனிக்கு யார் என்பதை அந்தக் காலனியே முடிவு செய்யட்டும். அங்கன்வாடி டீச்சர், கிராம சுகாதாரச் செவிலியர் இருவரும் குழுவுக்கு மிகவும் தேவை. ஆனால் காலனி சார்பாக அவர்களை எழுதிக்கொள்வது ஏமாற்று வேலை.

ஜீப் டிரைவர் ஒருவரை மறக்க வேண்டாம். கடைசி பஸ் போன பிறகு பிரசவமோ, பாம்புக்கடியோ, அடிபட்ட பெண்ணோ, மலையிலிருந்து இறங்குவது அவர் வண்டியில்தான். யார் எந்த ராத்திரி எங்கே இறங்கினார் என்று அவருக்குத் தெரிகிற அளவு எந்தப் போலீஸுக்கும் தெரியாது.

சேர்க்கக் கூடாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வட்டிக்கு விடுகிறவர், பார் நடத்துகிறவர், நடப்பில் வழக்கு உள்ளவர், கட்சிப் பொறுப்பில் இருப்பவர் வேண்டாம். இன்னொரு முக்கியமான ஆள் எஸ்டேட் மேஸ்திரி. லைன் வீட்டுக்காரர்கள் சார்பாக மேஸ்திரியை உட்காரவைத்தால், நாளைக்கு வேலை தருகிறவர் முன்னால் எந்தப் பெண்ணும் அவர் மீதே புகார் சொல்ல முடியாது. நிர்வாகம் தன் பெயரில் தனியாக வரட்டும், லைன் தன் பெயரில் தனியாக வரட்டும்.

இன்னொரு சிக்கல் உள்ளாட்சி அமைப்பிலேயே இருக்கிறது. மாவட்டத்தில் ஊராட்சிகள் 35தான். மக்களில் பாதிக்கு மேல் நகராட்சியிலும் பேரூராட்சியிலும் இருக்கிறார்கள், பல தேயிலைத் தோட்டங்களும் பேரூராட்சி எல்லைக்குள் வருகின்றன. கிராமசபையில் பாதுகாப்பைப் பேசுங்கள் என்கிற வழக்கமான அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. ஆண்டுக்கு ஆறு கிராமசபை ஊராட்சிகளுக்குத்தான். பேரூராட்சியில் வார்டு குழுவையும் ஏரியா சபையையும் பிடிக்க வேண்டும். தெருவிளக்கோ கழிவறைப் பாதையோ, பணம் அங்கேதான் இருக்கிறது.

கூட்டம் போடும் நேரமும் இடமும்

கூடலூர், பந்தலூரில் மாலை ஐந்துக்குள் முடித்துவிட வேண்டும். யானை இறங்குகிற நேரத்தில் கூட்டம் போட்டு மக்களை நடக்கவைப்பது எந்தப் பாதுகாப்புக் கணக்கிலும் சேராது. குன்னூர், கோத்தகிரி லைன்களில் ஞாயிறு காலை எட்டிலிருந்து ஒன்பதரை நல்ல நேரம். அதன் பிறகு எல்லாரும் டவுனுக்குச் சாமான் வாங்கப் போய்விடுவார்கள். தென்மேற்கு மழை கூடலூர்ப் பக்கம் ஜூன் தொடங்கி வெளுத்துவாங்கும், ஐப்பசி மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்ணைச் சரிக்கும். கூரை உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கூரை என்பது பெரிய கேள்வி. கோயில் மண்டபத்தில் போட்டால் சிலர் வெளியே நின்றே கேட்பார்கள். எஸ்டேட் ஆபீஸில் போட்டால் யாரும் நிஜத்தைச் சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷன் வேண்டவே வேண்டாம். அங்கன்வாடி அல்லது பள்ளி வகுப்பறை சரி. தரையில் பாய் விரித்தால் எஸ்.ஐ.யும் பாயில், நாற்காலி என்றால் எல்லாருக்கும் நாற்காலி. ஒரே ஒரு போலீஸ்காரர் வந்தால் போதும், லத்தி ஜீப்பிலேயே இருக்கட்டும். இரண்டு ஜீப் வந்து நின்றால் காலனி முழுக்க வீட்டுக்குள் போய்விடும். யாரைத் தூக்க வந்திருக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு முதலில் தோன்றுவது.

மொழி. பணியர் பேச்சு மலையாளத்துக்குப் பக்கம், காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்குப் பக்கம். ஜார்க்கண்ட் ஆட்கள் பலர் தங்களுக்குள் சாத்ரி பேசுகிறார்கள், இந்தி ஓரளவு வரும். மொழிபெயர்க்க மேஸ்திரியைக் கூப்பிடக் கூடாது. அதே குடியிருப்பில் பத்தாவது வரை படித்த பெண் ஒருவர் இருப்பார், அவருக்கு அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலி கொடுத்து உட்காரவைக்க வேண்டும். இலவசமாகச் செய்யச் சொன்னால் மூன்றாவது மாதம் வர மாட்டார். வராமல் போவது அவர் தப்பும் இல்லை.

இருட்டு நடை

குழு கூடுவதற்கு முன் ஒரு நடை. டிசம்பர், ஜனவரியில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்தரைக்கு பஸ் ஸ்டாப்பில் தொடங்கி லைன் வரைக்கும் ஏழு மணிக்குள் நடந்துவிடலாம். யானை நடமாட்டம் உள்ள இடமென்றால் வனத்துறை வாட்சர் கூட வர வேண்டும், இல்லையேல் நடையே வேண்டாம். மூன்று பெண்கள், ஒரு பள்ளி மாணவி, பீட் காவலர், உள்ளாட்சியிலிருந்து ஒருவர். கையில் நோட்டு, டார்ச். பெண்கள் முன்னால் நடக்கட்டும். ஆண்கள் முன்னால் போனால் ஆண்கள் பயப்படுகிற இடங்கள் மட்டும்தான் நோட்டில் ஏறும்.

என்ன எழுதுவது? 'இந்தப் பகுதியில் விளக்கு இல்லை' என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. மின்கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்: கம்பம் இந்த எண், பல்பு இல்லை. கம்பம் இத்தனை, பல்பு உண்டு, சில்வர் ஓக் கிளை மறைக்கிறது. உண்ணிச்செடி பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரம், நீளம் இத்தனை அடி. பஸ் ஸ்டாப் நிழற்குடையின் பின்சுவர் மூடியிருக்கிறது, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ரோட்டிலிருந்து தெரியாது. பொதுக் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு தாழ்ப்பாளைப் போட ஆறு மாதம் ஆகிறது என்றால், அந்தக் குழுவைப் பற்றி லைனில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதல் மாதத்திலேயே முடிக்கக்கூடிய ஒரு வேலையை முடித்துக்காட்டுவது அதனால்தான் முக்கியம்.

பட்டியல் வந்ததும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். பொதுச்சாலை விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. எஸ்டேட் எல்லைக்குள் போகிற பாதையும் லைன் விளக்கும் நிர்வாகத்தின் பொறுப்பு. தனியார் இடத்தில் நாங்கள் கம்பம் நட முடியாது என்று பேரூராட்சி சொல்வது இதனால்தான். காட்டை ஒட்டிய செடி வெட்ட வனத்துறையைக் கேட்டே ஆக வேண்டும். மூன்றையும் சேர்த்து கலெக்டர் ஆபீஸில் ஒரே மனுவாகக் கொடுத்தால் அது மூன்று துறைக்கும் நடந்து நடந்து தேய்ந்து, மூன்று பதிலாகத் திரும்பி வரும். கூடலூரில் ஜென்மம் நில (பழைய ஜமீன் நிலம் யாருக்கு என்ற) வழக்கில் மாட்டிய வீடுகளுக்கு மின் இணைப்பே சிக்கல். அங்கே சூரிய விளக்கு ஒன்றுதான் உடனடி வழி, அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகடு துடைக்கவும் பேட்டரி பார்க்கவும் ஒரு பெயர் எழுதி வைக்க வேண்டும்.

பட்டா புத்தகம்

ரோந்து போகிற காவலர் கையெழுத்துப் போடுகிற நோட்டுக்கு போலீஸில் பட்டா புத்தகம் என்று பெயர். வங்கி, நகைக்கடை, கோயில், பெரிய பங்களா கேட் என்று மாட்டியிருக்கும். மலையில் அதன் கதி என்னவென்று கிட்டப்போய்ப் பார்க்கலாம். கேட் கம்பியில் தகரப்பெட்டி, பெட்டிக்குள் பாலித்தீன் கவர், கவருக்குள் நோட்டு. ஜூலையில் பெட்டியின் அடியில் கால் அங்குலம் தண்ணீர். தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பால்பாயின்ட் பேனா ஈரத்தாளில் எழுதாது. பக்கத்தைப் பிரித்தால் நாலு ராத்திரிக் கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். ஒரே நாளில் போட்டது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, பனியில், பைக்கில், இவ்வளவு தூரப் பீட்டில் அத்தனை பாயின்டையும் தொட முடியாது. கியூஆர் கோடு ஒட்டினாலும் சிக்னல் இல்லாத வளைவில் அது வெறும் ஸ்டிக்கர்.

செய்யக்கூடியது இது. பெட்டியை அரை அங்குலம் சரிவோடு மாட்டி, அடியில் இரண்டு துளை போடுங்கள். பேனாவுக்குப் பதில் பென்சில். பாயின்டுகளைக் குறைத்து, நேரத்தை மாற்றுங்கள். பூட்டிய பங்களாவுக்கு ஒரு பெட்டி என்றால் லைனுக்கும் காலனிக்கும் ஒவ்வொன்று, அங்கன்வாடி வாசலில். அங்கே இரவு இரண்டு மணிக் கையெழுத்து யாருக்கும் தேவையில்லை. மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் வந்து, அங்கே குடியிருக்கிற ஒருவரின் கையெழுத்தையோ கைநாட்டையோ பக்கத்தில் வாங்கிப் போக வேண்டும். மூன்றாவது பத்தி ஒன்று: 'என்ன சொன்னார்கள்'. ஒரு வரி போதும். ரேஷன் கடைப் பக்கம் கஞ்சா பொட்டலம் விற்கிற பையனைப் பற்றி முதலில் தெரியவருவது இந்தப் பத்தியில்தான்.

சம்பள நாளும் இங்கே சேர்ந்து வரும். கூலி இப்போது பேங்கில் விழுகிறது. அன்று டவுனுக்குப் போய் ஏடிஎம்மில் எடுத்து, குடித்து, கடைசி ஜீப்பில் வந்து இறங்குகிற நேரம் இரவு எட்டிலிருந்து பத்து. லைனில் அடிதடி அந்த இரண்டு மணி நேரத்தில்தான். எந்த எஸ்டேட்டுக்கு எந்தத் தேதியில் பணம் விழுகிறது என்று குழு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதிகளில் ரோந்து வண்டி அங்கே நிற்கலாம். செலவு ஒரு காலண்டர்.

குழு எதைத் தொடக் கூடாது

ஸ்டேஷன் பெயர் சொல்லி அதிகாரம் பண்ணுகிற ஆள் எந்த ஊரிலும் முளைப்பார். 'எஸ்.ஐ. கிட்ட நான் சொல்லிக்கிறேன், ஒரு ரெண்டாயிரம் கொடு' என்று தொடங்கும். தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான பாடம் உண்டு. 1993-ல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பிறகு அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது, ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. போலீஸ் வேலையைப் போலீஸ் அல்லாதவரிடம் கொடுத்தால் நடப்பது அதுதான். பக்கத்துக் கேரளத்தின் ஜனமைத்ரி திட்டம், 2008-ல் தொடங்கியது, வேறு வழியில் போனது. பீட் போலீஸ்காரரே வீடு வீடாகப் போவதுதான் அங்கே அடிப்படை. இது எனக்குச் சரியாகப்படுகிறது.

ஆகவே குழு உறுப்பினர் வண்டியை மறிக்கக் கூடாது, பையைச் சோதிக்கக் கூடாது, யார் போனையும் வாங்கிப் பார்க்கக் கூடாது. மாநில எல்லையில், நாடுகாணியிலும் கக்கநல்லாவிலும் செக்போஸ்ட்டில் நின்று 'நாங்களும் செக் பண்றோம்' என்பது வேண்டாம். அடையாள அட்டை, விசில், பைக்கில் 'காவல்' ஸ்டிக்கர், ஒன்றும் வேண்டாம். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் பிடித்துவைக்கலாம். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறை) சட்டத்தின் 40-வது பிரிவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். கட்டிவைத்து அடித்தால் பிடித்தவர் மேல் வழக்கு வரும், வர வேண்டும்.

தண்ணீர்க்குழாய்ச் சண்டை, ஆடு மேய்ந்த தகராறு, குடித்துவிட்டுக் கத்துவது, இவற்றைக் குழு உட்கார்ந்து பேசலாம். பெண்கள் மீதான பாலியல் வன்முறை, குழந்தை சம்பந்தப்பட்டது, சாதி சொல்லி அடித்தது, குழந்தைத் திருமணம், இவற்றில் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. 'ஊருக்குள்ள முடிச்சிக்கலாம்' என்று எவர் சொன்னாலும் நோட்டில் எழுதாமல் நேரே ஸ்டேஷன். எழுதாமல் என்று சொல்வது வேண்டுமென்றேதான், பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் குழு நோட்டில் ஏறவே கூடாது.

ஸ்டேஷனுக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய தகவல் ஒரு அட்டையில் அடங்கும். மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்துசேர்ந்ததற்கான ஒப்புகை) கேட்டு வாங்க வேண்டும், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பிடியாணை இல்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றமென்றால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்யலாம், அவ்வளவுதான். சம்பவம் எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். சாட்சி விசாரணைக்குப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழான சிறுவர்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது, அவர்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். இந்தக் கடைசி வரி ஒன்று தெரிந்தாலே லைனில் பலருக்குப் பயம் பாதி போகும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும், 60 நாளில் முடிக்க வேண்டும். காலனியில் பாதிப்பேரிடம் சாதிச் சான்று இருக்காது. சான்று கொண்டுவா, பிறகு பார்க்கலாம் என்று எஃப்.ஐ.ஆரை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமில்லை. கலெக்டர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். உங்கள் குழு நோட்டில் நிலுவையில் இருப்பதை அந்தக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஏற்றச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்.

போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) விஷயத்தை நேராகப் பேசியே ஆக வேண்டும். சில காலனிகளில் பதினாறு, பதினேழு வயதுப் பெண் தனக்குப் பிடித்த பையனோடு குடித்தனம் போய்விடுவது வழக்கம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் வயது தெரிகிறது, அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீஸுக்குத் தகவல் சொல்வது கட்டாயம், பையன் சிறைக்குப் போகிறான். விளைவு, அடுத்த பெண் ஆஸ்பத்திரிக்கே போகாமல் வீட்டில் பிரசவம் பார்க்கிறாள். குழு இதை மறைக்க முடியாது, மறைத்தால் அதுவே குற்றம். முன்னதாகச் செய்யத்தான் இடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கு வராமல் நின்ற பெண்ணின் பெயரை ஆசிரியர் அந்த வாரமே சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் என்ன பிரச்சினை என்று பெண் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். சட்டம் 18 வயது என்கிறது என்று காலனி இளைஞர்களிடம் அவர்கள் பேச்சிலேயே சொல்ல வேண்டும், கைதான பிறகு சொல்லிப் பயனில்லை. வழக்கென்று வந்துவிட்டால் குழந்தையின் வாக்குமூலத்தை அவள் இருக்கும் இடத்துக்கே வந்து, கூடியவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

வீட்டுக்குள் அடிபடுகிற பெண்ணுக்கு 181 (பெண்கள் உதவி எண்) என்று போஸ்டர் ஒட்டுவது எளிது. ராத்திரி ஒன்பதரைக்கு, சிக்னல் இல்லாத பாடியில், இரண்டு குழந்தையோடு அவள் எங்கே போவாள்? மூன்று விஷயத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கதவு திறக்கிற வீடு எது (இரண்டு வீடு, ஒன்று லைனுக்கு வெளியே), சிக்னல் கிடைக்கிற இடம் எது, ஜீப் வாடகை யார் தருவது. மூன்றாவதை முடிவு செய்யாத இடங்களில் முதல் இரண்டும் பயன்படுவதில்லை. வாடகைக்கென்று ஒரு சின்ன நிதியை அங்கன்வாடியில் வைத்து, கணக்கை மாதாமாதம் வாசிக்கலாம். காயம் என்றால் 108 இலவசம், ஆனால் மலையில் அது வந்துசேரும் நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகம் யார் மேல்

மிளகு காணோம், பாக்கு காணோம், மோட்டார் ஒயர் காணோம் என்றால் முதலில் தூக்குவது வெளிமாநிலப் பையன்களை அல்லது காலனிப் பையன்களை. கையெழுத்துப் போடு, போட்டோ எடு, அனுப்பு. அடுத்த திருட்டுக்கும் அதே முகங்கள். நிஜமாக எடுத்தவன் சந்தையில் விற்றுவிட்டுப் போயிருப்பான். மிளகுத் திருட்டுக்கு வாங்குகிற கடையைத்தான் பிடிக்க வேண்டும். கொண்டுவந்தவர் பெயர், எடை, தேதி எழுதும் நோட்டு எல்லா மளிகை மண்டியிலும் கட்டாயம் என்று வியாபாரிகள் சங்கத்தையே முடிவெடுக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் ஆதார் நகலை வாங்கி ஸ்டேஷன் பீரோவில் அடுக்குவதற்கு 'சமூகக் காவல்' என்று பெயர் சொல்கிறார்கள். அது பட்டியல் போடுவது, அவ்வளவுதான். கூலி பாக்கி, மேஸ்திரி அடித்தது, போன் திருட்டு என்று அவர்கள் தரப்பில் மூன்று புகாராவது பதிவான பிறகுதான் அவர்கள் உங்களை நம்பித் தகவல் சொல்வார்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஆட்களின் போட்டோவைப் போடவே கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியில் கோயிலுக்குப் போன வயதான பெண்ணை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோ பரவி ரயில் ரயிலாக ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். குரூப்பில் அட்மின் மட்டும் பதிவு போடும்படி வையுங்கள். வண்டி எண், ஆள் அடையாளம் எல்லாம் 100 அல்லது 112-க்குப் போனில் மட்டும். வதந்தி ஒன்று வந்தால் அரைமணி நேரத்துக்குள் எஸ்.ஐ. தன் குரலில் ஒரு வாய்ஸ் நோட், தமிழிலும் இந்தியிலும். எழுத்தை விடக் குரலைத்தான் லைனில் நம்புகிறார்கள்.

எது தேறியது என்று பார்ப்பது

குழு சரியாக வேலை செய்தால் முதல் ஆண்டில் புகார் எண்ணிக்கை கூடும். இதுவரை சொல்லாதவர்கள் சொல்லத் தொடங்குவதால் கூடுகிறது. மேலதிகாரி குறைந்த எண்ணிக்கையைத்தான் பாராட்டுவார் என்றால், ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எல்லாம் சி.எஸ்.ஆராகக் குறுகும். அதனால் வேறு எண்களைப் பாருங்கள்: லைனிலிருந்தும் காலனியிலிருந்தும் வந்த அழைப்பு எத்தனை, அழைத்ததிலிருந்து வண்டி வந்துசேர எத்தனை நிமிடம், நோட்டில் எழுதியதில் முடிந்தது எத்தனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாற்பது வீட்டில் ஒரே கேள்வி: இன்று ராத்திரி ஏதாவது ஆனால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? கேட்பவர் போலீஸாக இருக்கக் கூடாது.

நோட்டில் நாலு பத்தி போதும். என்ன, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், என்ன ஆனது. அடுத்த கூட்டம் அதை வாசித்துத்தான் தொடங்க வேண்டும், டீ அதற்குப் பிறகு.

எஸ்.ஐ. மாறுவார், அதுதான் குழுக்கள் சாகிற நாள். புதியவர் வந்த முதல் வாரத்தில் பழைய பீட் காவலர் அவரை லைனுக்கும் காலனிக்கும் நடந்தே கூட்டிப்போக வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நிலுவையில் உள்ள வேலை, கதவு திறக்கிற இரண்டு வீடு, ஜீப் டிரைவர் எண், சம்பளத் தேதிகள், மொழிபெயர்க்கிற பெண்ணின் பெயர் எல்லாம் எழுதியிருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு ஒரு கார்பன் காப்பி அங்கன்வாடி பீரோவில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இல்லாமல், எலி எட்டாத மேல்தட்டில்.